இந்த ஊர் ஹாக்கி டீமைத் தாங்குமா?

என் தங்கை புருஷனைப் பற்றி நான் வாய் திறந்தாலே, கடைக்கு வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். திட்டப்போகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஒருவருக்குக் கண் சோதித்து, ஃபிரேம் மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து முடிப்பதற்குள் எங்கள் குடும்பக் கதை பாதி வெளியே வந்துவிடும். ஆனால் இன்றைக்குத் திட்ட உட்காரவில்லை. திட்டவா பாராட்டவா என்று எனக்கே இன்னும் விளங்காத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு ஊரில் கம்ப்ரஸர் என்று பெயர். துறைமுகத்துப் பக்கம் மீன் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கோல்டு ஸ்டோரேஜில் மெக்கானிக். மாப்பிள்ளையாக முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கொடுத்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக்கொண்டு நின்றார். பையனுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று அம்மா என்னிடம் கிசுகிசுத்தாள். ஃபிரிட்ஜ் இன்னும் ஒரு மாதம்கூடத் தாங்காது என்றார் அவர். அதற்குப் பிறகு அது பல வருஷம் ஓடியது. அதை அவருக்கு ஞாபகப்படுத்தாமல் நான் விட்டதே இல்லை.

கோல்டு ஸ்டோரேஜில் ஒரு வழக்கம் உண்டு. கூரையை ஒட்டிப் பெரிய பெரிய ப்ளோயர்கள் குளிர்காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். பெட்டி ஏற்றி இறக்க ஆட்கள் உள்ளே நுழைந்தால் ப்ளோயரை நிறுத்திவிட வேண்டும். வெறும் குளிரைத் தாங்கிவிடலாம், குளிர்காற்று அடித்தால் எலும்புக்குள் இறங்கிவிடும் என்பார்கள். ஆள் வெளியே வந்ததும் திரும்பப் போட வேண்டும். வருஷக்கணக்காக இதையே செய்ததில், புத்தியைக் கேட்காமலேயே அவர் கை சுவிட்சுக்குப் போய்விடும். வீட்டில் யாராவது அறைக்குள் வந்தாலும் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிடுவார், அதுவும் எங்கள் ஊர் வெயிலில். தங்கை கத்திக்கொண்டே வந்து திரும்பப் போடுவாள். அந்த வீட்டில் சண்டை என்று வந்தால் அது மின்விசிறிச் சண்டைதான்.

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில்தான் ஹாக்கி வந்து புகுந்தது.

அடுக்குமாடி கட்டி விற்கும் ஒரு முதலாளி, குளிர் நாடுகளில் ஆடுகிற ஐஸ் ஹாக்கியை இங்கே கொண்டுவரப் போகிறாராம், சம்பளம் கொடுத்துச் சொந்தமாக ஒரு டீமே வைக்கப் போகிறாராம் என்று பேச்சு கிளம்பியது. எங்கள் ஊர் பெரிய ஊர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காலையில் பிடித்துவைத்த தண்ணீர் மத்தியானத்துக்குள் வெந்நீராகிற தெற்கத்தி ஊர். ஹாக்கி என்றால் புல்லில் ஆடுவதுதானே என்றார்கள் பாதிப்பேர். ஐஸ் என்றால் குச்சியில் வைத்துச் சாப்பிடுவதுதானே என்றார்கள் மீதிப்பேர். இவ்வளவு பெரிய ஊர் ஒரு ஹாக்கி டீமைத் தாங்காதா என்று என் கடையில் ஒருவர் கேட்டார். ஊர் தாங்கும், ஐஸ் தாங்குமா என்று திருப்பிக் கேட்டேன்.

முதலாளி ஓர் ஆய்வுக்காரரை அனுப்பி ஊரின் மனசை அறிந்துவரச் சொன்னார். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் என் கடைக்கும் வந்தார். ஹாக்கி டீம் வந்தால் ஆதரிப்பீர்களா என்றார். ஆதரிப்பேன் என்றேன். டிக்கெட் வாங்கிப் பார்ப்பீர்களா என்றார். குடும்பத்தோடு வருவேன் என்றேன். எனக்கு ஹாக்கியில் எள்ளளவும் அக்கறை கிடையாது. ஆனால் அந்த மனிதர் கண்ணை இடுக்கி இடுக்கித் தன் கையிலிருந்த டேப்லெட் திரையைப் பார்த்தார், ஒரு வாடிக்கையாளரை எதற்குக் கெடுத்துக்கொள்வது? பக்கத்துத் துணிக்கடைக்காரரும் ஆமாம் என்றார், எதிர் மருந்துக்கடைக்காரரும் ஆமாம் என்றார். தேடிவந்து கேட்கிறவரிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. ஊரே ஹாக்கிக்கு ஏங்கிக் கிடக்கிறது என்று அவர் முதலாளியிடம் போய்ச் சொன்னாராம்.

முதலாளி இருந்தாலும் உஷாரான ஆள். முதலில் வெளிநாட்டு டீம் இரண்டைக் கூட்டிவந்து மூன்று ஆட்டம் நடத்துவோம், சனங்கள் எப்படி ரசிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பொருட்காட்சிக் கூடத்தில் ஐஸ் தளம் போட ஆள் தேடினார்கள். ஊரில் குளிரைப் பற்றித் தெரிந்தவர் யார் யார் என்று விசாரித்துக்கொண்டே போய், கடைசியில் மாப்பிள்ளை முன்னால் நின்றார்கள். கோல்டு ஸ்டோரேஜில் லீவு சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். டீம் வந்தால் ஐஸ் தளத்துக்கு அவரே நிரந்தரப் பொறுப்பு என்று பேச்சு. தங்கைக்குப் பிடிக்கவில்லை. நாளைக்கே ஹாக்கி வேண்டாமென்று இந்த ஊர் சொல்லலாம், மீன் வேண்டாமென்று என்றைக்காவது சொல்லுமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

தளமும், கூரையை ஒட்டிக் குளிர்காற்று ஊதும் ப்ளோயர்களும் தயாரானதும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். விளக்கெல்லாம் எரிந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெள்ளைவெளேரென்று கிடந்தது ஐஸ். நான் ஏதோ நக்கலாகச் சொல்லப்போய், அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருஷமா நான் பண்ணின குளிர் எல்லாம் கதவுக்கு உள்ளேயே கெடந்துச்சு மச்சான். மீனைத் தவிர யாரும் பாத்ததில்ல. இதை சனங்க வந்து உக்காந்து பாக்கப்போறாங்க."

அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் ஆட்டத்துக்குக் கூடம் நிரம்பி வழிந்தது. ஆனால் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டு பக்கமும் தடித்தடியாக உடை போட்டவர்கள் மட்டையோடு சறுக்கிச் சறுக்கி ஓடினார்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வட்டு இருக்கிறது, அதை அடித்து வலைக்குள் தள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த வட்டைத்தான் காணோம். இங்கே ஒருவன் மட்டையை வீசுவான், அங்கே சுவரில் படீரென்று சத்தம் கேட்கும், நடுவில் எது போனது எப்படிப் போனது என்று தெரியாது. திடீரென்று இருவர் கட்டிப்பிடித்து அடித்துக்கொள்வார்கள், நடுவர் சும்மா நின்று பார்ப்பார். ஒருவனைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள். எனக்கு இந்தப் பக்கம் இருந்தவர் அது தண்டனை என்றார், அந்தப் பக்கம் இருந்தவர் ஓய்வு என்றார். சிவப்பு விளக்கு எரிந்தபோதுதான் கோல் விழுந்தது என்றே தெரிந்தது. யார் போட்டது என்று அதற்கப்புறமும் தெரியவில்லை.

இத்தனை சனம் கூடி இவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு, மெல்லிய சட்டையில் நடுங்கிக்கொண்டு, ஏதோ பாடம் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் என் கடைக்கு ஆள்மேல் ஆளாக வந்தார்கள். கண்ணில் ஏதோ கோளாறு, ஆட்டம் தெரியவில்லை என்றார்கள். நானும் கண் சோதித்து, வேண்டியவர்களுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்கே பயம். எனக்கும் தெரியவில்லையே. யாருக்கும் சொல்லாமல் என் கண்ணாடியையும் மாற்றிக்கொண்டு இரண்டாவது ஆட்டத்துக்குப் போனேன். அப்போதும் வட்டைக் காணோம். புதுக் கண்ணாடி பழகக் கொஞ்சம் நாளாகும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முதலாளி குழம்பிப்போனார். கூடம் நிறைந்திருக்கிறது, வாயைத் திறக்க ஆளில்லை. சனங்கள் ஆட்டம் பார்க்க வந்தார்களா, வெயிலுக்கு ஒதுங்க வந்தார்களா என்று ஆய்வுக்காரரைக் கேட்டாராம். எங்கள் ஊர்க்காரர்கள் ஆழ்ந்து ரசிப்பவர்கள் என்று அவர் சமாளித்தாராம். மூன்றாவது ஆட்டமும் இப்படியே போனால் மூட்டை கட்டிவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதே நேரம் கோல்டு ஸ்டோரேஜ் மேனேஜரும் ஆள் அனுப்பினார். உடனே வேலைக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவாராம். மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, ஃபிரிட்ஜில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது ஆட்டம். இடைவேளையில் அவர் ஐஸ் சீவும் வண்டியை ஓட்டித் தளத்தை வழவழப்பாக்கிவிட்டு மேலே பார்த்திருக்கிறார். ஓரத்து வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையைச் செய்தித்தாளில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறாள். சுற்றிலும் எல்லோருக்கும் பல் கிட்டிப்போயிருக்கிறது. ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள், ப்ளோயர் ஓடுகிறது. அவர் கை புத்தியைக் கேட்கவில்லை. போய் நிறுத்திவிட்டார்.

பிறகு நடந்ததை நானே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது. அத்தனை பேர் மூச்சும் வேர்வையும் சேர்ந்து கூடத்தில் புழுக்கம் ஏறியது. சனங்கள் கையைப் பிரித்தார்கள், முன்னால் சாய்ந்தார்கள். யாரோ ஒருவர் ஓவென்று கத்தினார். அப்புறம் கூரை பெயர்ந்துவிடும்போலக் கூச்சல். நானும் நாற்காலிமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கு வட்டு தெரிந்தது. கண்ணாடி ஒருவழியாகப் பழகிவிட்டது என்று நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் டீம் கேப்டன் ஒருவன் மண்டியிட்டுத் தளத்தைத் தடவி, ஈரக் கையுறையை மாப்பிள்ளை முகத்துக்கு நேரே காட்டி அவன் பாஷையில் என்னவோ கொட்டித் தீர்த்தான். வேலை போச்சு என்று அவர் நினைக்கும்போதே முதலாளி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். ஊர் விழித்துக்கொண்டது, டீம் வருகிறது, ஐஸ் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆய்வுக்காரர் எல்லாம் தான் சொன்னபடியே நடந்தது என்று எல்லோருக்கும் கை கொடுத்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாப்பிள்ளை ப்ளோயரை நிறுத்தியதை என்னிடம் மட்டும் சொன்னார்.

"குளிர் விட்டதும் சனங்களுக்கு உயிர் வந்துச்சு பாத்தீங்களா மச்சான். அந்தச் சத்தம் எனக்குத்தான். என்னன்னு தெரியாமலே எனக்கு நன்றி சொன்னாங்க."

இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளே கோல்டு ஸ்டோரேஜ் வேலையை விட்டுவிட்டார்.

டீம் வந்தது. கூடவே குளிர் நாட்டிலிருந்து ஒரு டெக்னீஷியனும் வந்தார். வந்த வேகத்தில் சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டார். ஆட்டம் நடக்கும்போது ப்ளோயரைத் தொடவே கூடாது, ஐஸ் கல்லுமாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. மாப்பிள்ளையும் கல்லுமாதிரியே வைத்தார்.

கூட்டம் கரைய ஆரம்பித்தது. முதலில் மேல் வரிசைகள் காலியாயின, பிறகு நடு வரிசைகள். எனக்கும் வட்டு மறுபடி மறைந்துவிட்டது. லென்ஸ் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். துணிக்கடைக்காரர் வருவதை நிறுத்தினார், மருந்துக்கடைக்காரரும் நிறுத்தினார், ஒரு கட்டத்தில் நானும் நிறுத்தினேன். ஊருக்கு என்ன வந்தது என்று முதலாளி கேட்டார். அன்றைக்கு அப்படிக் கத்திய ஊர் இதுதானா? விலையைக் குறைத்துப் பார்த்தார், விளம்பரத்தைக் கூட்டிப் பார்த்தார். ஆய்வுக்காரர் மறுபடி வந்து ஹாக்கியை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டார். நான் மறுபடியும் ஆதரிக்கிறேன் என்றுதான் சொன்னேன். பழக்கம்.

ஒரு ஆட்டம் விடாமல் போனது என் தங்கை ஒருத்திதான். வேண்டாம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவள், மாப்பிள்ளையின் பழைய கோல்டு ஸ்டோரேஜ் கோட்டைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். இவளுக்கு எப்போது ஹாக்கிப் பைத்தியம் பிடித்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஆட்டம் எப்படி என்று கேட்டால் நல்லா இருந்துச்சு என்பாள். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

கடைசியில் முதலாளி கையை உதறிவிட்டார். டீமைக் குளிர் நாட்டு ஊர் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார். ஒப்பந்தத்துக்காக ஒரே ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. டெக்னீஷியன் அதற்குக்கூட நிற்காமல் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் பழைய வேலையில் வேறு ஆள் வந்தாயிற்று. இனி இவர் எங்கே போய் நிற்பார்? கடையைச் சாத்திவிட்டு நானும் போனேன்.

பகல் ஆட்டம். வெளியே தார் உருகும் வெயில், உள்ளே விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சனம். எங்களுக்குப் பின்னால் முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தார். தங்கைக்கு அன்றைக்கு லேசாகக் காய்ச்சல், கோட்டுக்குள்ளும் உதறிக்கொண்டிருந்தாள். இடைவேளை முடிந்து வண்டியை ஓரம் கட்டிய மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து ப்ளோயரை நிறுத்தினார். இந்தத் தடவை கை மட்டுமல்ல, மனசும் அறிந்து செய்ததுதான்.

கடைசி ஆட்டம்தானே என்று வாசல் கதவுகளையும் திறந்து வைத்திருந்தார்கள். வெயில் காற்று உள்ளே வந்தது. ஐஸ் மேலே ஈரம் பூத்தது. கேப்டன் மட்டையால் தளத்தை அடித்துக் கத்தினான். வட்டு வழுக்கிப் போகாமல், ஈரத்தில் மாட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி ஊர்ந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவர் எழுந்து நின்றார். இரண்டு பேர் கத்தினார்கள். என் தங்கை கோட்டைத் தோளிலிருந்து தள்ளிவிட்டுத் தடுப்புப் பலகைக்கு ஓடினாள்.

"ஏங்க, அந்தக் கறுப்பா போகுதே, அதுதான் வட்டா? இத்தனை நாளா அது எங்க இருந்துச்சு?"

நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அன்றைக்கு ஊர் கத்தியது குளிர் விட்டதற்கல்ல, என் கண்ணாடிக்கும் அதில் பங்கில்லை. ஐஸ் கெட்டுப்போய் வட்டு மெதுவாகப் போனது, முதல்முறையாக எல்லோருக்கும் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். தளம் நன்றாக இருந்த நாளெல்லாம் எங்கள் ஊர் ஒன்றையும் பார்க்கவில்லை. கண்ணை வைத்துப் பிழைக்கிற எனக்கு இது தெரியவில்லை என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

மாப்பிள்ளைக்கும் விளங்கிவிட்டது. முகம் செத்துப்போய்விட்டது. அந்தக் கூச்சலை நம்பித்தான் வேலையை விட்டார், அது தனக்கு விழுந்தது என்றுதான் அத்தனை நாளும் நிமிர்ந்து நடந்தார். முதலாளி இறங்கிவந்து நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஐஸைக் காட்டிக் கேட்டார்.

"அப்போ இந்த ஊருக்கு ஹாக்கி பிடிக்குதா, பிடிக்கலையா?"

மாப்பிள்ளை உண்மையைத்தான் சொன்னார். தெரியலைங்க என்றார். நான் இன்றுவரை யோசிக்கிறேன். ஐஸ் நன்றாக இருந்தால் ஊர் தாங்காது, கெட்டுப்போனால் ஆட்டக்காரர்கள் தாங்க மாட்டார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

முதலாளி போன பிறகு மாப்பிள்ளை தங்கையிடம் திரும்பினார். வட்டே தெரியாமலா ஒரு ஆட்டம் விடாமல் வந்தாய், எதைத்தான் பார்த்தாய் என்று கேட்டார். அவள் அவரை ஒரு முறை முறைத்தாள், எங்கள் அம்மா முறைப்பது போலவே.

"இடைவேளையில வண்டி ஓட்டிட்டு வருவீங்கல்ல. அதைத்தான் பாத்தேன். நீங்க போன எடமெல்லாம் பளபளன்னு ஆகும். அதுக்கு மேல ஆட்டம் எப்படிப் போனா எனக்கென்ன?"

அவர் கீழே கிடந்த கோட்டை எடுத்து உதறி அவளுக்குப் போர்த்திவிட்டார். மூவரும் வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனோம். அறைக்குள் நுழைந்ததும் நான் மின்விசிறியைப் போட்டேன், அவர் வழக்கம்போலப் போய் நிறுத்தினார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. தங்கைக்கும்தான். அவள் போய்த் திரும்பப் போடவில்லை.